பின்சீட்டுக் கோடுகள்

அந்தக் குடியிருப்பில் அவளுக்குப் பூதக்கண்ணாடி என்று பெயர். வைத்தது யாரென்று தெரியாது, ஆனால் யாராக இருக்கும் என்பதில் அவளுக்கு ஒரு சந்தேகம் உண்டு. மேல்வீட்டுத் தையற்காரியாகத்தான் இருக்கும். தைக்கக் கொடுத்த துணியில் மிச்சம் எங்கே போயிற்று என்று ஒருமுறை கேட்டுவிட்டாள். அன்றிலிருந்து அந்த அம்மாள் முகம் கொடுத்துப் பேசுவதில்லை.

பழக்கடையில் தராசுத் தட்டின் அடியில் விரல் விட்டுத் தடவிப் பார்ப்பாள். பால் பாக்கெட்டை மோந்து பார்த்து, தேதியைப் பார்த்து, மறுபடி மோந்து பார்ப்பாள். யாராவது கொஞ்சம் தேன் ஒழுகப் பேசினால் போதும், கைப்பை தானாக மடிக்கு வந்துவிடும். கல்யாணமான புதிதில் அவள் வீட்டுக்காரர் சிநேகிதர்களிடம் சொல்லிச் சிரிப்பாராம்: "நான் தூங்கினதும் மூக்குல கை வெச்சுப் பார்க்குறா. உசிரு இருக்கான்னு இல்ல, நடிக்கிறேனான்னு."

ஊருக்குச் சிரிப்பாக இருந்த அந்தக் குணம், பிள்ளைகளைப் பெற்றவர்களுக்கு மட்டும் ரொம்பப் பிடித்துப்போயிற்று. காலையில் பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுபோய் விட்டு, மதியம் கூட்டிவருவது அவள் வேலை. ஒவ்வொரு பிள்ளையின் பெல்ட்டையும் இழுத்துப் பார்த்துவிட்டுத்தான் வண்டியை நகர்த்துவாள். வழக்கமாக வராத ஆள் வாசலில் நின்றால் கதவு திறக்காது. "எங்க சித்தப்பாதான் ஆன்ட்டி" என்று பிள்ளையே கெஞ்சினாலும், "இருக்கட்டும், உங்கம்மா சொல்லட்டும்" என்று போனை எடுப்பாள். அந்தச் சித்தப்பா வெயிலில் நிற்பார். நிற்கட்டும்.

அந்த ஸ்டியரிங் முதலில் அவள் வீட்டுக்காரருடையது. வாடகைக் கார் ஓட்டியவர் அவர். ஒரு நாள் காலை சிக்னலில் நின்றிருந்தபோது கை விறைத்து, கண் மேலே செருகி, வாயோரம் நுரை தள்ளிவிட்டது. வண்டி நின்றிருந்ததால் பிழைத்தார்கள்: அவரும், பின்னால் உட்கார்ந்திருந்த சவாரியும், முன்னால் குறுக்கே நடந்துபோய்க்கொண்டிருந்த கூட்டமும். வலிப்பு என்று சொல்லி மாத்திரை கொடுத்தார்கள். இனி வண்டி ஓட்டக் கூடாது என்றார்கள். ஓட்டக் கூடாது என்று ஒரு டிரைவரிடம் சொல்வது லேசு. கேட்டுக்கொண்டு வீட்டுக்கு வந்தவரோடு குடித்தனம் நடத்தியது அவள்தான்.

அடுத்தவனை நம்பி வண்டியில் ஏற முடியாது என்று இளவயசிலேயே லைசென்ஸ் எடுத்து அலமாரியில் போட்டு வைத்திருந்தாள். அது கைகொடுத்தது. முன்பின் தெரியாத பெரியவர்களை முதுகுக்குப் பின்னால் உட்கார வைத்து ஓட்டுவதை மட்டும் அவளால் நினைத்துக்கூடப் பார்க்க முடியவில்லை. பிள்ளைகள் என்றால் சரி. பிள்ளைகள் பொய் சொன்னால் காது சிவந்துவிடும்.

பிள்ளைகள் ஏறும் வண்டி எப்படி இருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. பிஸ்கட் தூள், பென்சில் சீவல், அழிரப்பர் துகள், பள்ளி மைதானத்து மணல், படம் ஒட்டும் மினுமினுப்புத் தூள் எல்லாம் தரையில் கிடக்கும். துடைப்பத்துக்கு அடங்காது, துணிக்கும் அடங்காது. நாத்தனார்தான் ஒரு குட்டி வேக்குவம் வாங்கி அனுப்பினாள். காருக்குள் சிகரெட் பற்றவைக்க ஒரு துளை இருக்குமே, அதில் செருகினால் ஓடுகிற சாதனம். கையில் அடங்கும், வயர் மட்டும் பின்சீட்டு மூலை வரைக்கும் நீளும். எதற்கு இவளுக்குத் திடீரென்று இவ்வளவு பாசம் என்று அதையும் முதலில் நம்பவில்லை. ஒரு பிடி உப்பை மிதியடியில் கொட்டி, உறிஞ்சவிட்டு, டப்பாவைக் கழற்றி உள்ளங்கையில் கவிழ்த்துப் பார்த்தாள். கொட்டிய உப்பு அப்படியே வந்திருந்தது.

அன்று அந்தச் சாதனத்தோடு ஒட்டிக்கொண்டவள்தான். அதன் டப்பா கண்ணாடி மாதிரி இருக்கும். எதை எடுத்தோம் என்பதை ஒளிக்காமல் காட்டும். தான் எடுத்ததைத் தானே காட்டிக்கொடுக்கிற ஒரே திருடன் இதுதான் என்று வீட்டுக்காரரிடம் சொன்னாள். அவர் சிரிக்கவில்லை. அந்த நாட்களில் அவர் எதற்கும் அதிகம் சிரிப்பதில்லை.

காலைச் சவாரி முடிந்து வந்ததும் குடியிருப்பின் பின்பக்க நிறுத்தத்தில், தூணை ஒட்டி வண்டியைப் போடுவாள். எஞ்சினை ஓடவிட்டே வேக்குவத்தைச் செருகுவாள், இல்லாவிட்டால் பேட்டரி சாகும். சீட்டு இடுக்குகளுக்குக் கூர்மூக்கு, மெத்தைக்குப் பிரஷ், கடைசியில் தரை. தரையில் விரித்திருந்த துணி மிதியடிக்கு வெல்வெட் மாதிரி மெல்லிய முடி உண்டு. மூக்கை இழுத்த பக்கம் முடி சாயும், கோடு விழும். அவள் இடக்கைக்காரி. கோடுகள் கதவிலிருந்து கிளம்பி இடது பக்கமாகச் சரிந்து போகும், சீப்பால் வகிடெடுத்து வாரின மாதிரி. முடித்து டப்பாவைக் கொட்டிவிட்டு, சாவியை வாசலோரத்து ஆணியில் மாட்டிவிட்டு, மதியம் பள்ளி விடுகிற வரை ஒரு குட்டித் தூக்கம் போடுவாள். விடிவதற்கு முன்பே எழுகிறவளுக்கு அந்தத் தூக்கம்தான் பாக்கி நாளைத் தள்ளும்.

ஒரு நாள் மதியம் கிளம்பும்போது பின்கதவைத் திறந்தவள் அப்படியே நின்றுவிட்டாள். தரை சுத்தமாகத்தான் இருந்தது. கோடுகளும் இருந்தன. ஆனால் கோடுகள் நேராக இருந்தன, மேலிருந்து கீழே, இஸ்திரி போட்ட மாதிரி. அது அவள் கை இல்லை. சுத்தமான வண்டியை யாரோ மறுபடி சுத்தம் பண்ணியிருந்தார்கள்.

அழுக்காக இருந்திருந்தால் அவள் கண்டுகொண்டே இருக்க மாட்டாள். பிள்ளைகள் மேல் பழி போட்டுவிட்டுப் போயிருப்பாள். சுத்தம்தான் சந்தேகத்தைக் கிளப்பியது. தடயத்தை அழிக்கிறவன்தானே துடைப்பான். ஆணியில் மாட்டிய சாவியை எடுக்க வீட்டில் இருந்த இன்னொரு ஆள் ஒரே ஆள்.

அன்று இரவு சாப்பாட்டின்போது, வண்டியை யாராவது தொட்டார்களா என்று பொதுவாக, சுவரைப் பார்த்துக் கேட்டாள். அவர் தட்டிலிருந்து தலையை எடுக்காமல், உனக்கு உதவியா இருக்கட்டுமேன்னு நான்தான் ஒரு இழுப்பு இழுத்தேன் என்றார். முன்சீட்டை விட்டுவிட்டுப் பின்சீட்டுக்கு மட்டும் என்ன உதவி என்று அவள் கேட்கவில்லை. கேட்டுவிட்டால் உஷாராகிவிடுவார்.

படுத்த பிறகு கணக்குத் தானாக ஓடியது. பின்சீட்டில் உட்காருகிறவர்கள் யார்? சவாரி. மனுஷன் பழைய வாடிக்கைக்காரர் எவரையோ ஏற்றிக்கொண்டு போய்வருகிறார். இறக்கிவிட்டு வந்து, செருப்புத் தடத்தை வேக்குவம் போட்டு அழிக்கிறார். ஓட்டும்போது அவருக்கு ஒன்று என்றால்? அந்த வண்டியில்தான் நாளைக் காலை பிள்ளைகள் ஏற வேண்டும். விஷயம் வெளியே தெரிந்தால் எந்தத் தாய் பிள்ளையை அனுப்புவாள்?

அதோடு இன்னொன்றும் இருந்தது. அடுத்த செக்கப் நெருங்கிக்கொண்டிருந்தது. அதுவரைக்கும் வலிப்பு வராமல் இருந்தால் வண்டி ஓட்டுவதைப் பற்றி யோசிக்கலாம் என்று டாக்டரம்மா சொல்லியிருந்தார். அந்த ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டுதான் அவர் நாளைத் தள்ளினார். மதியச் சவாரியை நான் பார்த்துக்கிறேன், நீ இடுப்பை நீட்டிப் படு என்பார். நாத்தனாரும் போன் பண்ணும்போதெல்லாம் அதையே பாடுவாள். "அண்ணி, அண்ணன் வீட்டுக்குள்ள அடைஞ்சே பாதி ஆளாயிட்டார். நீங்க ஒரு வார்த்தை நல்லபடியா சொல்லுங்க, டாக்டர் உங்களத்தான் கேப்பாங்க." இவளுக்கும் இடுப்பு விட்டுப்போயிருந்தது. நல்லபடியாகச் சொல்ல இவளுக்கும் ஆசைதான். எது நல்லபடி என்பதில்தான் சிக்கல்.

மறுநாளிலிருந்து பூதக்கண்ணாடி தன் வேலையைக் காட்டினாள். வண்டி ஓடிய தூரத்தை முள் பலகையில் பார்த்து மனசில் வைத்துக்கொண்டு படுத்தாள். எழுந்து போய்ப் பார்த்தால் எண் அசையவில்லை, கோடு மட்டும் மாறியிருந்தது. அதற்காக அவளுக்கு நிம்மதி வந்ததா என்றால் இல்லை. டிரைவர் ஆளுக்கு மீட்டரை எப்படி நிறுத்துவது என்று தெரியாதா? டயருக்கு முன்னால் ஒரு காலித் தீப்பெட்டியை வைத்தாள். நசுங்காமல் இருந்தது. எடுத்து வைத்துவிட்டுத் திரும்பி வந்ததும் பழையபடி வைத்திருப்பார் என்று தோன்றியது. எஞ்சின் மூடியில் கையை வைத்துப் பார்த்தாள். வெதுவெதுப்பாக இருந்தது. காலையில் அவள் ஓட்டிய சூடா, அதற்குப் பிறகு வந்த சூடா என்று சூட்டைப் பார்த்துச் சொல்ல அவளுக்குத் தெரியவில்லை.

எல்லா நாளும் கோடு மாறாது. சில நாள் மாறும், சில நாள் அவள் கோடே அப்படியே இருக்கும். சவாரி கிடைக்கிற நாள், கிடைக்காத நாள் என்று அதையும் தன் கணக்கிலேயே சேர்த்துக்கொண்டாள்.

பிறகு பொத்தான் கிடைத்தது. ஒரு நாள் காலை வேலையைத் தொடங்குமுன் வேக்குவத்தை எடுத்தபோது டப்பாவுக்குள் ஏதோ கடகடத்தது. அவள் கொட்டி வைத்த டப்பா. கழற்றிப் பார்த்தால் வெள்ளைப் பொத்தான் ஒன்று, நூலோடு பிய்ந்து வந்திருந்தது. பார்த்ததும் தெரிந்துவிட்டது, அவருடைய வெளிர்நீலச் சட்டைப் பொத்தான். பின்சீட்டில் ஏறிய சவாரிக்கு டிரைவர் சட்டையைப் பிடித்து இழுக்கிற அளவுக்கு என்ன கோபம்? இல்லை, கோபமே இல்லாமல் வேறு ஏதாவதா? அந்த எண்ணம் வந்ததும் அவளுக்கே வெட்கமாகிவிட்டது. மேல்வீட்டுத் தையற்காரியின் மாடி ஜன்னலை ஒருதரம் நிமிர்ந்து பார்த்தாள். அறுபது தாண்டிய அந்த அம்மாள் அங்கே வடாம் நிறத்துத் துணி ஒன்றை உதறிக் காயப்போட்டுக்கொண்டிருந்தாள். சே என்று தலையில் அடித்துக்கொண்டாள். பொத்தான் எங்கே விழுந்தது என்று அவரைக் கேட்டதற்கு, சலவையில் போயிருக்கும் என்றார். காது சிவக்கவில்லை. பெரியவர்களுக்குச் சிவக்காது.

அதன் பிறகு அவள் தூங்கவில்லை. தூங்குவதாகப் படுத்தாள். கண்ணை மூடி, மூச்சை இழுத்து இழுத்து விட்டுக்கொண்டு, வாசலோரத்து ஆணிப் பக்கமே காதை வைத்துக் கிடந்தாள். சில மதியங்கள் ஒன்றும் நடக்கவில்லை. அவர் கூடத்தில் உட்கார்ந்து பழைய ரேடியோவைத் திருகிக்கொண்டிருப்பார், அல்லது சும்மா இருப்பார்.

ஒரு மதியம் ரேடியோ பாதியில் நின்றது. நாற்காலி தரையில் தேய்ந்தது. சாவி ஆணியில் உரசிய சத்தம் கேட்டது. அவள் எழுந்து, செருப்புப் போடாமல், சுவரை ஒட்டிப் பின்னாலேயே போனாள்.

திருட்டுத்தனமாகப் போகிறவன் அப்படியும் இப்படியும் பார்ப்பான். அவர் எங்கும் பார்க்கவில்லை. அவசரமாகக் கழிவறைக்கு ஓடுகிறவர் மாதிரி, ஒரு கையால் மூக்கைப் பொத்திக்கொண்டு விறுவிறுவென்று நடந்தார். டிக்கியைத் திறந்து ஒரு துண்டை உருவினார். அங்கே துண்டு இருப்பதே அவளுக்குத் தெரியாது. பின்கதவைத் திறந்து உள்ளே ஏறி, பூட்டினார். நாலு கதவும் ஒரே சமயத்தில் டக் என்று பூட்டிக்கொண்டன. முன்சீட்டில் யாரும் இல்லை. சவாரியும் இல்லை.

தூணுக்குப் பின்னாலிருந்து அவள் எட்டி வருவதற்குள் வண்டி ஆடத் தொடங்கிவிட்டது. லேசாகத்தான். காற்றுக்கு ஆடுகிற மாதிரி.

கண்ணாடியில் முகத்தை ஒட்டிப் பார்த்தாள். ஒருக்களித்துப் படுத்திருந்தார். துண்டு தலைக்குக் கீழே. பல் கிட்டியிருந்தது. குதிகால்கள் மிதியடியை உதைத்து உதைத்து அவள் வாரிவிட்ட கோடுகளைக் கலைத்துக்கொண்டிருந்தன. ஒரு கை சட்டையின் நெஞ்சுப் பக்கத்தைப் பற்றி இழுத்துக்கொண்டிருந்தது. கதவை இழுத்தாள், திறக்கவில்லை. கண்ணாடியைத் தட்டினாள், கேட்கவில்லை. உடைக்கலாம் என்று கல்லுக்காகச் சுற்றிப் பார்த்தபோது, பிடிக்கக் கூடாது, பக்கவாட்டில் படுக்க வைத்துவிட்டு நிற்கும் வரை காத்திருக்கணும் என்று டாக்டரம்மா சொன்னது நினைவுக்கு வந்தது. அவர் தானே பக்கவாட்டில் படுத்திருந்தார். எல்லாம் தெரிந்து, எல்லாம் தயார் பண்ணிக்கொண்டு வந்து படுத்திருந்தார். அவள் உள்ளங்கையைக் கண்ணாடியில் வைத்தபடி நின்றாள்.

உதைப்பு ஓய்ந்தது. வெகு நேரம் அசையாமல் கிடந்தார். பிறகு எழுந்து உட்கார்ந்து, இது எந்த இடம் என்பதுபோல் மேற்கூரையைப் பார்த்தார். அவள் சட்டென்று தூணுக்குப் பின்னால் போனாள். அவர் வாயைக்கூடத் துடைக்கவில்லை. முதலில் குனிந்து தரையைப் பார்த்தார். அப்புறம் இரண்டு முன்சீட்டுகளுக்கும் நடுவே தடுமாறி எக்கி, சாவியைத் திருகி, வேக்குவத்தைச் செருகினார். மிதியடியை மேலிருந்து கீழே, மேலிருந்து கீழே இழுக்க ஆரம்பித்தார்.

வாழ்நாள் பூராவும் யாரையாவது கையும் களவுமாகப் பிடிக்க வேண்டும் என்றிருந்தவள் அவள். பிடித்த பிறகு என்ன செய்வதென்று யோசித்ததே இல்லை. வீட்டுக்குள் வந்து பழையபடி படுத்துக்கொண்டாள். அவர் வந்து சாவியை ஆணியில் மாட்டும் சத்தம் கேட்டது. ரேடியோ மறுபடி பாடியது.

படுத்துக்கிடந்தபடி ஒவ்வொன்றாகப் புரிந்தது. முதல் வலிப்புக்குப் பிறகு கழிவறைத் தாழ்ப்பாளைக் கழற்றியது அவள்தான். அறைக்கதவைச் சாத்தக் கூடாது என்று சட்டம் போட்டதும் அவள்தான். அவளிருக்கும் வீட்டில் அவருக்குப் பூட்டிக்கொள்ள மிச்சமிருந்த ஒரே கதவு கார்க் கதவு. அப்படியானால் அவள் வண்டியோடு வெளியே போயிருக்கும்போது வந்ததெல்லாம்? வீடு பூராவும் அவருக்குத்தானே. எத்தனை வந்து எத்தனை போயிற்றோ. சவாரி என்று நினைத்திருந்தபோதாவது கோடு மாறிய நாட்களை மட்டும் எண்ணினால் போதுமாக இருந்தது.

அவராகச் சொல்லட்டும் என்று காத்திருந்தாள். சொல்ல வழி விட்டும் பார்த்தாள். மாத்திரை ஒத்துக்குதா, ராத்திரி தலை வலிக்குதா, வலிப்புக்கு முன்னால வரும்னு டாக்டரம்மா சொன்ன கருகின நாத்தம் ஏதாவது மூக்குல வருதா என்று. எல்லாத்துக்கும் இல்லை. செக்கப்புக்கு முதல் நாள் அவரே சட்டைக்கு இஸ்திரி போட்டார்.

டாக்டரம்மாவும் அதையேதான் கேட்டார். போன தடவைக்கு அப்புறம் ஏதாவது வந்ததா?

இல்லீங்க, ஒண்ணுமே இல்ல, நல்லாத் தூங்குறேன், நல்லாச் சாப்பிடுறேன் என்றார் அவர். குரலில் ஒரு பிசிறு இல்லை. டாக்டரம்மா அவள் பக்கம் திரும்பினார்.

"நீங்க பார்த்த வரைக்கும்?"

அவள் அவர் முகத்தைப் பார்த்தாள். இன்னும் நேரமிருக்கிறது, இப்போதாவது வாயைத் திறங்கள் என்று பார்த்தாள். அவர் சுவரில் தொங்கிய மூளைப் படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"வருது டாக்டர்" என்றாள். "கார்ல போய்ப் படுத்துக் கதவப் பூட்டிக்கிறார். நான் கண்ணால பார்த்தது ஒண்ணு. மத்தத அவரத்தான் கேக்கணும்."

டாக்டரம்மா பேனாவைக் கீழே வைத்துவிட்டார். அதன் பிறகு அவர் பேசினதில் பாதிதான் அவள் காதில் விழுந்தது. பூட்டின வண்டிக்குள் தனியாகக் கிடந்தால் மூச்சுத் திணறிப் போனாலும் யாருக்கும் தெரியாது, உண்மையைச் சொல்லாவிட்டால் எந்த மாத்திரையும் வேலை செய்யாது, மாத்திரையை மாற்றித் தருகிறேன், ஓட்டுகிற பேச்சை இப்போதைக்கு எடுக்காதீர்கள். அவர் தலையாட்டிக்கொண்டே இருந்தார், பள்ளியில் திட்டு வாங்குகிற பிள்ளை மாதிரி.

வெளியே வந்து வண்டியில் ஏறி, பெல்ட்டைப் போட்டு, இரண்டு தெரு தாண்டினார்கள். பிறகு அவர் ஜன்னலைப் பார்த்துக்கொண்டே கேட்டார்.

"எப்படிக் கண்டுபிடிச்ச?"

"கோடு நேரா இருந்துச்சு."

"கோட்டப் பார்த்து வலிப்புன்னு தெரிஞ்சுதாக்கும்."

"இல்ல. வண்டிய எடுக்குறீங்கன்னு நெனச்சேன். சவாரி போறீங்கன்னு."

அவர் திரும்பினார். முகம் ஒரு மாதிரி ஆகிவிட்டது. டாக்டர் திட்டியதற்குக்கூட அப்படி ஆகவில்லை.

"புள்ளைங்க உக்கார்ற வண்டிய நான் எடுப்பேன்னு நெனச்சியா? இந்த உடம்ப வெச்சுக்கிட்டு? என்னை அவ்வளவு கேவலமாவா நெனச்ச?"

"டாக்டர் சரின்னு சொல்லியிருந்தா நாளைக்கு மதியம் யாரு ஓட்டியிருப்பா?"

சிக்னல் விழுந்தது. முன்னால் ஜனங்கள் குறுக்கே நடந்து போனார்கள், ஒரு கிழவர், இரண்டு சைக்கிள்கள், கைக்குழந்தையோடு ஒருத்தி. எல்லோரும் கடந்து முடிக்கும் வரை அவர் அவர்களையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஓட்டியிருப்பேன்தான்" என்றார் கடைசியில்.

பள்ளி விடும் நேரம் ஆகிவிட்டது. அவரை வீட்டில் இறக்கிவிட்டு வரப் பொழுதில்லை. வாசலில் போய் நிறுத்தினதும், முன்சீட்டுக்குச் சொந்தக்காரியான பெரிய பெண் கதவைத் திறந்து, உள்ளே ஆள் இருப்பதைப் பார்த்துவிட்டு, இறங்கும்வரை நகர மாட்டேன் என்பதுபோல் நின்றாள். அவர் இறங்கிப் பின்னால் போய், இரண்டு சின்னப் பிள்ளைகளுக்கு நடுவில் முழங்காலை மடக்கி உட்கார்ந்தார். இந்த அங்கிள் யாரு என்று ஒன்று கேட்டது. ஆன்ட்டியோட அங்கிள் என்றது இன்னொன்று. அவள் பெல்ட்டுகளை ஒவ்வொன்றாக இழுத்துப் பார்த்தாள், அவருடையதையும்.

வண்டி கிளம்பியதும் நடுக்கண்ணாடியைக் கொஞ்சம் கீழே சாய்த்தாள். அவர் கை தெரிந்தது. விரல்கள் சும்மா இருக்கின்றனவா என்று பார்த்தாள். உதட்டைப் பார்த்தாள். கண் இமையைப் பார்த்தாள். அவர் கண்ணை மூடி, தலையைச் சீட்டில் சாய்த்திருந்தார். தூங்குகிறாரா, வேறு ஏதாவதா என்று மறுபடி பார்த்தாள்.

"ரோட்டப் பாரு" என்றார் அவர், கண்ணைத் திறக்காமல்.